பள்ளிக் கூடைப்பந்துக்கு விசில் பிடிக்க: கடலூர், புதுச்சேரிப் புது நடுவர்களுக்கு

பள்ளி ஆட்டத்தில் தகராறு வந்தால் நடுவருக்கு விதி தெரியவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கிட்டே நின்று பார்த்தால் காரணம் வேறாக இருக்கும். நிற்க வேண்டிய இடத்தில் நடுவர் நின்றிருக்க மாட்டார். இல்லையென்றால் மேசையில் ஃபவுல் கணக்கு தப்பிப் போயிருக்கும். விதிப் புத்தகத்தை இரண்டு வாரத்தில் படித்துவிடலாம். இடம் பிடித்து நிற்பதும் மேசையைக் கைக்குள் வைத்துக்கொள்வதும் ஒரு சீசனாவது ஓடினால்தான் படியும். அதனால் இங்கே அந்த இரண்டுக்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று வருடம் முழுக்க ஆட்டம் நடக்கிறது. குறுவட்ட, மாவட்டப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்ற பிரிவுகளில் ஆணும் பெண்ணும் தனித்தனியாக ஆடுகிறார்கள். எல்லா ஆட்டத்துக்கும் உடற்கல்வி ஆசிரியர்களே விசில் பிடிக்க முடியாது. கல்லூரி அணியில் ஆடியவர்கள், உடற்கல்விப் பட்டப்படிப்பு மாணவர்கள், ஆடி முடித்த பெண்கள் எல்லோருக்கும் இதில் இடம் இருக்கிறது. பெண் நடுவர்கள் இன்னும் நிறையப் பேர் வர வேண்டும்.

கையில் என்ன வேண்டும்

உள்ளே குண்டு இல்லாத விசில் இரண்டு வேண்டும், ஒன்று கழுத்தில், ஒன்று பையில். குண்டு விசில் எச்சிலிலும் தூசியிலும் அடைத்துக்கொள்ளும். கனடா நாட்டுக் கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் முக்கியமான ஆட்டம் ஒன்றில் இப்படி மாட்டிக்கொண்ட பிறகு உருவாக்கியதுதான் ஃபாக்ஸ் 40. சாம்பல் நிற நடுவர் சட்டை, கறுப்பு முழுக்கால் சட்டை, கறுப்பு சாக்ஸ், கறுப்பு ஷூ. 5 மீட்டர் அளவு நாடா, காற்றடிக்கும் ஊசி, ஸ்டாப்வாட்ச் இரண்டு, சிவப்புப் பேனா, நீலப் பேனா. போட்டி நடத்துபவர்களிடம் இவை இருக்கும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம்.

ஆட்டத்துக்கு 20 நிமிடம் முன்பு

நடுவரின் அதிகாரம் ஆட்ட நேரத்துக்கு 20 நிமிடம் முன்பே தொடங்கிவிடுகிறது. அந்த 20 நிமிடத்தில் செய்ய வேண்டியவை நிறைய.

முதலில் ரிங். தரையிலிருந்து 3.05 மீட்டர் இருக்க வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று போல்ட்டை அரித்துவிடும். ரிங் முன்பக்கமாகச் சற்றே தொங்கிப்போயிருக்கும். முன்விளிம்பு, பக்கவிளிம்பு இரண்டிலும் நாடா வைத்துப் பாருங்கள். வலை மாட்டும் கொக்கி துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தால் ரிங்கைத் தொடும் பையனின் விரல் கிழியும். அதை மடக்கிவிட்டுத்தான் ஆட்டம்.

அடுத்து கோடுகள். 2010-ல் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளிப் போனது, ரிங்குக்குக் கீழ் இருந்த சரிவகக் கட்டம் செவ்வகமானது. பழைய சிமென்ட் தளங்களில் பழைய கோடும் புதுக் கோடும் சேர்ந்தே கிடக்கும். பக்கத்தில் வாலிபால் கோடு, பால் பேட்மின்டன் கோடு வேறு. எந்தக் கோடு கணக்கு என்று இரண்டு பயிற்சியாளர்களையும் கூப்பிட்டு, கோட்டின் மேலேயே நின்று காலால் காட்டிச் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் கடைசி நிமிடத்தில் விழும் ஒரு கூடை 2 புள்ளியா 3 புள்ளியா என்று மைதானமே இரண்டாகிவிடும்.

எல்லைக் கோட்டுக்கு வெளியே மரமோ சுவரோ கம்பியோ 2 மீட்டருக்குள் இருந்தால், வெளியிலிருந்து பந்தை உள்ளே போடுபவரிடமிருந்து (த்ரோ-இன்) எல்லோரும் 1 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். பள்ளி மைதானங்களில் இது அடிக்கடி தேவைப்படும் விதி. முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தளம் ஈரமாக இருந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே காய்ந்தது போலத் தெரியும், பாசி பிடித்த சிமென்ட்டில் ஷூ வழுக்கும். மணல் படிந்த தளத்தைத் துடைப்பத்தால் பெருக்கச் சொல்லுங்கள். அட்டவணை தள்ளிப்போகிறது என்று அவசரப்படுத்துவார்கள். கணுக்கால் மடங்கினால் அந்தப் பிள்ளைக்கு சீசனே போய்விடும்.

பந்து ஆண்களுக்கு 7-ம் எண், பெண்களுக்கு 6-ம் எண். சின்னப் பிரிவுக்கு எந்த அளவு என்று போட்டி அறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் ஆட்டத்துக்கு 7-ம் எண் பந்தை நீட்டினால் வாங்காதீர்கள்.

பிறகு பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் பாருங்கள். வளையல், கம்மல், மூக்குத்தி, கொலுசு, செயின், கடினமான ஹேர் க்ளிப், நீட்டிய நகம் எதுவும் இருக்கக் கூடாது. சாமிக் கயிற்றைக் கழற்ற மனமில்லாத பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் கோபப்படாமல், உடற்கல்வி ஆசிரியரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். ஜெர்சியில் எண் முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கிறதா, ஒரே அணியில் ஒரே எண் இருவருக்கு இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள்.

அணி வரவில்லையென்றால், அல்லது 5 பேர் தேறவில்லையென்றால், குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடம் வரை காத்திருக்கலாம். அதற்குப் பிறகு எதிரணிக்கு 20–0. பள்ளிப் போட்டிகளில் பஸ் தாமதம் சகஜம். போட்டி அமைப்பாளரிடம் கேட்காமல் நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

மேசை

ஸ்கோரர், உதவி ஸ்கோரர், டைமர், 24 விநாடிக் கடிகாரம் (ஓர் அணி ஷாட் போட உள்ள நேரம்) பார்ப்பவர் என்று நான்கு பேர் உட்கார வேண்டிய மேசை அது. பள்ளிப் போட்டியில் இரண்டு பேர் இருந்தாலே பெரிது. பெரும்பாலும் போட்டி நடத்தும் பள்ளியின் மாணவர்களாக இருப்பார்கள். அவர்களோடு 5 நிமிடம் உட்காருங்கள்.

ஸ்கோரருக்குச் சொல்ல வேண்டியது: முதல், மூன்றாம் கால்பகுதிக்குச் சிவப்புப் பேனா, இரண்டாவதற்கும் நான்காவதற்கும் நீலம். 2 புள்ளிக்கு ஓடும் ஸ்கோரில் சாய்கோடு, ஃப்ரீ த்ரோவுக்குக் கறுத்த புள்ளி, 3 புள்ளி போட்டவரின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ஆட்டம் தொடங்க 10 நிமிடம் இருக்கும்போதே பயிற்சியாளர்கள் பெயரையும் எண்ணையும் சரிபார்த்து, முதல் ஐந்து பேரைக் குறித்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். எண் மாறிப்போன தாளை ஆட்டத்தின் நடுவில் சரிசெய்வது பெரிய தலைவலி.

ஒரு கால்பகுதியில் ஓர் அணிக்கு 4 ஃபவுல் ஆனதும் அந்த அணி பெஞ்சுப் பக்கத்து மேசை ஓரத்தில் சிவப்பு அடையாளம் வைக்க வேண்டும். 5-வது ஃபவுலிலிருந்து 2 ஃப்ரீ த்ரோ. அடையாளக் கட்டை இல்லையென்றால் சிவப்புத் துணியோ சிவப்புக் கூம்போ போதும். ஆனால் பந்து கையில் இருக்கும் அணி செய்யும் ஃபவுலுக்கு, அணிக் கணக்கு எத்தனை ஆகியிருந்தாலும் ஃப்ரீ த்ரோ கிடையாது, த்ரோ-இன் மட்டும்தான். பள்ளி மேசைகளில் அதிகம் தவறுவது இங்கேதான். தவறிக் கொடுத்துவிட்டால், பிழைக்குப் பிறகு கடிகாரம் ஓடி, முதல் முறை ஆட்டம் நின்று, பந்து மறுபடி உயிர்பெறுவதற்குள் கண்டுபிடித்தால் திருத்தலாம். அதைத் தாண்டினால் அப்படியே நிற்கும். புள்ளிக் கூட்டல் பிழையோ ஃபவுல் எண்ணிக்கைப் பிழையோ அப்படியில்லை. தலைமை நடுவர் தாளில் கையெழுத்திடும் வரை எப்போதும் திருத்தலாம். ஒவ்வொரு இடைவேளையிலும் மேசைக்குப் போய் ஸ்கோரையும் அணி ஃபவுலையும், ஜம்ப் பால் சூழலில் அடுத்துப் பந்து யாருக்கு என்று காட்டும் அம்புக்குறியையும் நீங்களே பார்ப்பது இதனால்தான்.

டைமருக்கு ஒன்றை மட்டும் பலமுறை சொல்லுங்கள். நடுவர் பந்தைக் கொடுத்ததும் கடிகாரத்தை ஓடவிடக் கூடாது. த்ரோ-இன் பந்து உள்ளே இருக்கும் ஆட்டக்காரரின் மேல் பட்டதும்தான் ஓட வேண்டும். 10 நிமிடக் கால்பகுதி நான்கு. கடைசிக் கால்பகுதியின் கடைசி 2 நிமிடத்தில் கூடை விழுந்தாலும் கடிகாரம் நிற்கும். சில போட்டிகளில் நேரத்தைக் குறைத்து, கடிகாரத்தை நிறுத்தாமலே ஓட்டுவார்கள். அந்த மாற்றங்களை இரண்டு பயிற்சியாளரும் மேசையும் ஒன்றாக நிற்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

24 விநாடி போர்டு இல்லாத மைதானமே அதிகம். ஒருவர் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து, 10 இருக்கும்போது கை தூக்கி, கடைசி 5 விநாடியைச் சத்தமாக எண்ணினால் போதும். ரிங்கில் பட்டுத் திரும்பி அதே அணி பிடித்தால் 24 இல்லை, 14 என்பதை நினைவூட்டுங்கள்.

எங்கே நிற்பது

பள்ளி ஆட்டத்துக்கு இரண்டு நடுவர்தான். ஒருவர் லீட், இறுதிக் கோட்டுக்கு வெளியே. மற்றவர் டிரெயில், பந்துக்குப் பின்னால் சற்றுத் தள்ளி, தாக்கும் திசைக்கு இடப்பக்கமாக. இருவருக்கும் நடுவில் பத்துப் பேரும் அடங்க வேண்டும். எல்லைக் கோடுகளைப் பார்ப்பதில் லீடுக்கு இறுதிக் கோடும் தன் இடது கைப் பக்கக் கோடும். டிரெயிலுக்குத் தன் இடது கைப் பக்கக் கோடும் நடுக்கோடும். பந்து கைமாறி எதிர்ப்பக்கம் ஓடினால் டிரெயில் லீடாகிறார், லீட் டிரெயிலாகிறார்.

லீட் செய்யும் பெரிய தவறு ரிங்குக்கு நேர் கீழே போய் நிற்பது. அங்கிருந்து முதுகுகள்தான் தெரியும். கட்டத்தின் ஓரத்தையொட்டி, கோட்டிலிருந்து ஓரடி வெளியே, உடம்பை மைதானத்துக்குச் சற்றுச் சாய்வாகத் திருப்பி நில்லுங்கள். வேகத் தாக்குதலில் பந்துக்கு முன்பே இறுதிக் கோட்டைத் தொட்டிருக்க வேண்டும்.

டிரெயில் செய்யும் தவறு நடுக்கோட்டிலேயே நின்றுவிடுவது. வெயிலில் மூன்றாவது ஆட்டம் ஊதும்போது கால் தானாக அங்கே நின்றுவிடும். ஷாட் எழும்பும்போது ஓரிரண்டு எட்டு உள்ளே வந்தால்தான் ரீபவுண்டில் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும்போது) முதுகில் தள்ளுவது தெரியும்.

பந்தை ஒருவர் பார்க்கும்போது மற்றவர் பந்தை மறந்துவிட வேண்டும். சட்டையைப் பிடித்து இழுப்பதும் முழங்கையால் இடிப்பதும் பந்து இல்லாத இடத்தில்தான் நடக்கும். இருவரும் பந்தையே பார்த்தால் அந்தப் பிள்ளை பொறுத்துப் பார்த்து, கடைசியில் திருப்பி அடிக்கும். நாம் அந்த இரண்டாவது அடியைத்தான் ஊதுவோம்.

முடிவெடுக்கும் கணத்தில் உங்கள் கால் நின்றிருக்க வேண்டும். ஓடிக்கொண்டே பார்த்தால் கண் ஆடும். இரண்டு ஆட்டக்காரருக்கும் நடுவில் உள்ள இடைவெளி தெரியும் கோணத்தைத் தேடுங்கள். அந்த இடைவெளி தெரியவில்லையென்றால் ஊதாதீர்கள், ஊகித்து ஊதும் ஃபவுலை யாராலும் காப்பாற்ற முடியாது.

எதை ஊதுவது

ரிங்குக்கு ஓடி வந்து எம்பிப் பந்து போடும் ஒரு லே-அப்பை எடுத்துக்கொள்வோம். பையன் வலப்பக்கமாக ஓடி வருகிறான், டிரிபிள் முடிந்து பந்து இரண்டு கைக்கும் வந்துவிட்டது. பந்து கட்டுக்குள் வரும் நேரத்தில் தரையில் இருக்கும் கால் கணக்கில் சேராது. அது பூஜ்யம். அதற்குப் பிறகு ஒன்று, இரண்டு. மூன்றாவது கால் தரையைத் தொடுவதற்குள் பந்து கையை விட்டிருக்க வேண்டும். 2017-லிருந்து இப்படித்தான். பழைய கணக்கில் பழகியவர்கள் ஓரத்திலிருந்து ‘டிராவல் சார்!’ (பந்தோடு கூடுதல் அடி வைத்துவிட்டான்) என்று கத்துவார்கள். நீங்கள் கால்களை எண்ணத் தொடங்க வேண்டியது பந்து கைக்குள் அடங்கிய பிறகுதான்.

அதே லே-அப்பில் தடுப்பவர் குறுக்கே வருகிறார். தாக்குபவரைப் பார்க்காதீர்கள், தடுப்பவரைப் பாருங்கள். எதிராளியை நேராகப் பார்த்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி முதலில் இடம் பிடித்துவிட்டாரா? பிடித்த பிறகு பின்னாலோ பக்கவாட்டிலோ நகர்ந்திருந்தாலும் அது சரியே. மோதல் அவர் நெஞ்சில் விழுந்தால் தாக்குபவர் ஃபவுல். இடுப்பையோ தோளையோ முழங்காலையோ பக்கத்தில் நீட்டி மோதியிருந்தால் தடுப்பவர் ஃபவுல். கை இரண்டையும் செங்குத்தாகத் தூக்கித் தன் இடத்திலேயே எம்பியவர் மேல் தாக்குபவர் வந்து விழுந்தால் தடுப்பவர்மேல் குற்றம் இல்லை. உயரமான பிள்ளைகள்மீது தேவையில்லாமல் ஃபவுல் ஏறுவது இந்த ஒன்றைச் சரியாகப் பார்க்காததால்தான்.

பள்ளி மைதானத்தில் உலவும் சில நம்பிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். டிரிபிள் செய்யும் பந்து தோளுக்கு மேல் எழும்பினாலே தப்பு என்பார்கள், இல்லை. கை பந்துக்கு அடியில் போய்ப் பந்து அதில் தங்கினால்தான் தப்பு. பின்னாலிருந்து தலைக்கு மேல் கை நீட்டி ரீபவுண்ட் எடுத்தால் ஃபவுல் என்பார்கள். உடம்பில் படாதவரை ஃபவுல் இல்லை. பந்தோடு விழுந்து சறுக்கினால் டிராவல் இல்லை, பந்தை வைத்துக்கொண்டு உருண்டாலோ எழ முயன்றாலோ டிராவல்.

மூன்று விநாடி விதியில் (தாக்கும் அணியினர் ரிங்குக்குக் கீழ்க் கட்டத்தில் அதற்கு மேல் நிற்கக் கூடாது) நிதானம் வேண்டும். ஷாட் கையை விட்ட பிறகு எண்ணிக்கையே இல்லை. வெளியே போக முயலும் பிள்ளைக்குச் சற்று விட்டுக்கொடுக்கலாம். ‘கட்டத்தை விட்டு வா தம்பி’ என்று ஒருமுறை சொன்னால் பத்தில் எட்டுப் பேர் வந்துவிடுவார்கள்.

14 வயதுக்கு உட்பட்ட ஆட்டத்தில் ஒவ்வொரு சின்ன டிராவலையும் ஊதினால் ஆட்டமே நகராது. அதற்காக விட்டுக்கொண்டே போனாலும் சரியில்லை. முதல் மூன்று நிமிடத்தில் எதை ஊதுகிறீர்களோ அதையே கடைசி மூன்று நிமிடத்திலும் இரண்டு அணிக்கும் ஊதுங்கள். பிள்ளைகள் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். கையால் இடைவிடாமல் தொட்டுக்கொண்டே தடுப்பதைத் தொடக்கத்திலேயே ஊதிவிட்டால் ஆட்டம் அடிதடியாக மாறாது.

ஜம்ப் பால் போடும்போது விசிலை வாயில் வைக்காதீர்கள், எம்பும் கை பட்டால் பல் போகும். இருவரும் எம்பினாலும் எட்டாத உயரத்துக்கு நேராகப் போடுங்கள். சாய்ந்து போனால் திரும்பக் கூப்பிட்டு மறுபடி போடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஊதிய பிறகு

ஒரே ஊதல், பலமாக, சுருக்கமாக. ஃபவுல் என்றால் முஷ்டி மேலே, விதிமீறல் என்றால் விரல் சேர்த்த உள்ளங்கை மேலே. ஃபவுல் என்றால் மேசை தெளிவாகத் தெரியும் இடத்துக்கு வாருங்கள். மேசையிலிருந்து 6 முதல் 8 மீட்டர் போதும். நின்ற பிறகு சைகை காட்டுங்கள். ஓடிக்கொண்டே காட்டும் எண்ணை ஸ்கோரர் தப்பாக எழுதுவார். வரிசை மாறக் கூடாது: ஆட்டக்காரர் எண், ஃபவுல் வகை, அடுத்து ஃப்ரீ த்ரோ எண்ணிக்கை அல்லது த்ரோ-இன் திசை. 11 முதல் 15 வரை வலது கையில் முஷ்டி, இடது கையில் ஒன்று முதல் ஐந்து விரல். 24 என்றால் முதலில் புறங்கை மேசைக்குத் தெரியும்படி 2, பிறகு உள்ளங்கை தெரியும்படி 4. ‘நீலம் 24’ என்று வாயாலும் சொல்லுங்கள். ஸ்கோரர் எழுதி முடித்துத் தலை நிமிரும் வரை நகராதீர்கள்.

பயிற்சியாளரும் பெஞ்சும்

எதிரே நிற்பவர் பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியர், உங்களைவிட மூத்தவர், சில நேரம் உங்களுக்கே பாடம் எடுத்தவர். ‘சார்’, ‘மேடம்’ என்ற மரியாதை கடைசி விநாடி வரை இருக்கட்டும். கேள்வியாகக் கேட்டால் ஒரு வரியில் பதில்: ‘கை மணிக்கட்டில் பட்டது சார்.’ கத்தினால் பதில் வேண்டாம். மைதானத்துக்குள் வந்தால், பிள்ளைகள் முன்னால் அவமதித்துப் பேசினால், ஒரு எச்சரிக்கை. அதற்குப் பிறகும் தொடர்ந்தால் டெக்னிக்கல் ஃபவுல். அதற்கு 1 ஃப்ரீ த்ரோ, பிறகு ஆட்டம் நின்ற இடத்திலிருந்து தொடரும். ஆசிரியர் என்று தயங்கி விட்டால் அடுத்த கால்பகுதியில் அவருடைய பிள்ளைகளே அதே குரலில் பேசுவார்கள்.

பதிவு பெற்ற நடுவராக

ஃபிபாவின் (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப் புத்தகமும், அதற்கான விளக்கப் புத்தகமும், இரண்டு நடுவர் முறைக் கையேடும் ஃபிபா இணையதளத்தில் இலவசம். விதிகள் அடிக்கடி திருத்தப்படும். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பதிப்போ அதற்குப் பிந்தியதோ உங்கள் கையில் இருக்கட்டும். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் பழைய நோட்ஸை நம்பிப் படிக்க வேண்டாம்.

ஒரு சீசன் மேசையில் உட்காருங்கள். ஸ்கோர் தாளைத் தப்பில்லாமல் நிரப்பத் தெரிந்தவரை எந்தப் போட்டி அமைப்பாளரும் மறுபடி கூப்பிடுவார். மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கிலும், நெய்வேலியிலும், புதுச்சேரி உப்பளத்திலும் ஆட்டம் நடக்கும்போது போய், பந்தை விட்டுவிட்டு நடுவர்களை மட்டும் பாருங்கள். பிறகு பயிற்சி ஆட்டங்களுக்கும், பள்ளிகளுக்குள் நடக்கும் ஆட்டங்களுக்கும் விசில் பிடிக்கலாம். உங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டாலே வாய்ப்புக் கிடைக்கும்.

தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடலூர் மாவட்டத்தவர் மாவட்டக் கூடைப்பந்துக் கழகம் வழியாகத் தமிழ்நாட்டுக் கூடைப்பந்துக் கழகத்துக்குப் போக வேண்டும். புதுச்சேரி தனி ஒன்றிய ஆட்சிப் பகுதி, அதற்குத் தனிக் கழகம். ஓர் ஊரிலிருந்து மற்றதற்குப் பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் பதிவு ஓர் இடத்தில்தான். மாநில அளவுத் தேர்ச்சிக்குப் பிறகு இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் தேசிய நடுவர் தேர்வு, அதற்கும் மேலே ஃபிபா உரிமம். தேதி, கட்டணம், வயது வரம்பு எல்லாம் கழகச் செயலாளரிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எழுத்துத் தேர்வில் தனித்தனி விதியைவிடச் சூழல் கேள்விகளே கடினம். ‘ஃபவுல் ஆன பிறகு பந்து கூடையில் விழுந்தது, அப்போது கடிகாரம் முடிந்தது, அடுத்து என்ன?’ என்பது மாதிரி. விளக்கப் புத்தகத்தின் எடுத்துக்காட்டுகளைத் தினமும் ஐந்து என்று எழுதிப் பார்த்தால் இதற்குக் கை பழகும். உடல் தகுதிக்கு 20 மீட்டர் பீப் ஓட்டம் (பீப் ஒலிக்கு ஏற்ப 20 மீட்டரை மாறி மாறி ஓடுவது) பழகுங்கள். வாரம் மூன்று நாள், மைதானத்தின் 28 மீட்டர் நீளத்தை முழு வேகத்தில் பத்து முறை, நடுவே அரை நிமிட ஓய்வு. பக்கவாட்டு ஓட்டத்தையும் பின்னோட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்முறைத் தேர்வில் பலர் சறுக்குவது சைகையில். கண்ணாடி முன் நின்று 0, 00, 1 முதல் 99 வரை எண்களைக் கலைத்துக் கலைத்துக் காட்டிப் பாருங்கள். வீட்டில் யாராவது எண்ணைச் சொல்ல, நீங்கள் யோசிக்காமல் இரண்டு கையிலும் காட்டும் அளவுக்கு வந்த பிறகு விண்ணப்பம் போடலாம்.